ஈஜென் எரிமலை ஏரிக்கு முதன்முறை நடப்பவர்களுக்கு

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு கிழக்கே முடியும் இடத்தில், பான்யுவாங்கி, போண்டோவோசோ ஆகிய இரண்டு மாவட்டங்களின் எல்லையில், ஈஜென் எரிமலை இருக்கிறது. அதன் வாய்க்குள், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு, பச்சையும் நீலமும் குழைந்த நிறத்தில் ஓர் ஏரி கிடக்கிறது. விளிம்பிலிருந்து பார்க்கும்போது குளிர்ந்த மலைச்சுனை போலத் தோன்றும் அந்த நீரின் பி.எச். அளவு பெரும்பாலும் 0.5-க்கும் கீழேயே இருக்கிறது. எலுமிச்சைச் சாற்றின் அளவு ஏறத்தாழ 2 என்பதையும், அந்த அளவுகோலில் ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு ஏறும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த நீரில் கைவிரலைக்கூட நனைக்கக் கூடாது என்பது விளங்கும். இத்தகைய கடும் அமில ஏரிகளில் உலகிலேயே பெரியது இதுதான். உள்ளூர் மக்கள் இதைக் ‘காவா ஈஜென்’ என்பார்கள். மலாய் பேசும் ஊர்களில் வளர்ந்த தமிழர்களுக்குக் ‘காவா’ என்றதும் விருந்துச் சமையலுக்கு வைக்கும் பெரிய இரும்புச் சட்டி நினைவுக்கு வரும். எரிமலையின் வாய்க்கும் அதே சொல்தான்.

நடையைப் பொறுத்தவரை இது கடினமான மலையேற்றம் இல்லை. பால்டுடிங் என்னும் அடிவார முகாம் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்கள் போய்ச் சேரும் விளிம்பு ஏறத்தாழ 2,386 மீட்டர். இடையில் அகலமான பாதையில் மூன்று கிலோமீட்டரும் சற்றுக் கூடுதலும் நடக்க வேண்டும்; அன்றாடம் ஒரு மணி நேரம் நடக்கும் பழக்கமுள்ளவர் இரண்டு மணி நேரத்தில் ஏறிவிடலாம். கைகளால் பற்றி ஏற வேண்டிய பாறைகளோ கயிறு தேவைப்படும் இடங்களோ அந்தப் பாதையில் கிடையாது. ஆனால் இங்கே கால் வலியால் திணறியவர்களைவிடக் கந்தக வாயுவால் திணறியவர்களே அதிகம் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆகையால் இந்த வழிகாட்டி நடப்பதைப் பற்றிக் குறைவாகவும் மூச்சு விடுவதைப் பற்றி அதிகமாகவும் பேசும்.

புறப்படும் முன்

முதலில் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மழை குறைந்த பருவம். பாதை காய்ந்திருக்கும், விடியலில் ஏரி தெரியும் வாய்ப்பும் கூடுதல். நவம்பர் முதல் மார்ச் வரை மழை, மூடுபனி இரண்டும் இருக்கும். இரண்டு மணி நேரம் ஏறிப் போய் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு இறங்கியவர்கள் உண்டு. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் விடியலுக்கு முன் விளிம்பில் நல்ல குளிர் இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில்தானே என்று மெல்லிய சட்டையோடு வருபவர்கள், பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிய காற்றில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு நாளும் காணலாம்.

அடுத்து, எரிமலையின் நிலையைப் பார்க்க வேண்டும். இந்தோனேசிய எரிமலையியல் மையம் ஒவ்வொரு எரிமலைக்கும் நான்கு படிநிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது: நோர்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். ‘மக்மா இந்தோனேசியா’ என்னும் அரசின் இணையதளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். முதல் படிநிலையில் இருந்தால் வழக்கமான ஏற்பாடுகளோடு போகலாம். இரண்டாம் படிநிலையான வஸ்பாடா அறிவிக்கப்பட்டால் எரிமலை வாய்க்கு அருகே போகத் தடை வரும்; 2024 ஜூலையில் ஈஜென் அந்த நிலைக்கு உயர்த்தப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் உங்கள் விமானச் சீட்டைக் காரணம் காட்டி யாரையும் வற்புறுத்தாதீர்கள். 2018 மார்ச் 21 அன்று இந்த ஏரியிலிருந்து திடீரென வாயு வெளிப்பட்டபோது, மலையடிவார ஊர்களில் இருந்தவர்களில் ஏறத்தாழ முப்பது பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. ஊருக்குள் இருந்தவர்களுக்கே அந்த நிலை.

நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும். மருத்துவச் சான்றிதழும் கேட்கிறார்கள். பான்யுவாங்கியில் உள்ள சிறு மருத்துவமனைகளில் இரத்த அழுத்தம் பார்த்து உடனே தந்துவிடுவதால் பலரும் அதைச் சடங்காகவே நினைக்கிறார்கள். நீங்கள் அப்படி நினைக்க வேண்டாம். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் இந்த மலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது. சிறு குழந்தைகளின் முகத்தில் எந்த முகமூடியும் சரியாகப் பொருந்தாது என்பதால் அவர்களையும் அழைத்துப் போகக் கூடாது. மாதத்தில் சில நாட்கள் பராமரிப்புக்காகப் பாதையை மூடுவதுண்டு என்பதால், தங்கும் விடுதியில் தேதியைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கே தங்குவது, எத்தனை மணிக்கு எழுவது

பாலித் தீவின் தென்பகுதியிலிருந்து இரவு புறப்பட்டு, நான்கு மணி நேரம் வண்டியில் வந்து, கிலிமானுக் துறையில் கப்பலேறி, கெத்தாபாங்கில் இறங்கி, மலைக்கு வந்து, ஏறி இறங்கி, அன்றே திரும்பும் பயணத்தை முகவர்கள் மலிவாக விற்கிறார்கள். முதன்முறை வருபவர் அதை வாங்க வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. தூக்கமில்லாத உடலோடு செங்குத்தான சரிவில் இருட்டில் இறங்குவது எந்த வகையிலும் சிக்கனம் ஆகாது. பான்யுவாங்கி நகரிலோ, அதற்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் லிசின் பகுதியிலோ முந்தின நாளே வந்து தங்கி, மாலை ஏழு மணிக்குப் படுத்துவிடுங்கள். சுராபாயாவிலிருந்து வருபவர்களுக்கு ரயில் வசதி உண்டு. கெத்தாபாங் நிலையம் கப்பல் துறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பாலியும் ஜாவாவும் ஒரே நாடுதான் என்றாலும், இடையிலுள்ள குறுகிய நீரிணையைக் கடந்ததும் நேரம் ஒரு மணி பின்னால் போகிறது. பாலி நேரம் சிங்கப்பூர், மலேசிய நேரத்தோடு ஒத்தது. ஜாவா நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட ஒன்றரை மணி முன்னால் இருப்பது. நான் கைக்கடிகாரத்தை மாற்ற மறந்து, வண்டி வரும் என்று நள்ளிரவில் விடுதித் திண்ணையில் ஒரு மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்தேன். பாலிக்குத் திரும்பும்போது இதே மறதி வந்தால் விமானம் போய்விடும்.

பான்யுவாங்கியிலிருந்து பால்டுடிங்குக்கு வண்டியில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் ஆகும். கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீட்டர் வரை ஏறும் சாலை என்பதால் சில வளைவுகள் மிகவும் செங்குத்தானவை. வாடகைக்குக் கிடைக்கும் கியர் இல்லாத ஸ்கூட்டரில் போவது எளிதாகத் தெரியும். இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்து, அது சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உள்ளூர் ஓட்டுநரோடு போகும் காரோ ஜீப்போ நல்லது.

முகமூடி

விடுதியோ வழிகாட்டியோ உங்களுக்கு ஒரு வாயு முகமூடியைத் தருவார்கள். அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மேலே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். வெளிச்சத்தில், கீழேயே, அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். ரப்பர் விளிம்பு வெடித்திருக்கிறதா, பின்பட்டைகள் இழுத்தால் நிற்கின்றனவா, வடிகட்டிகள் இரண்டும் இறுகப் பொருந்தியிருக்கின்றனவா என்பவற்றைப் பார்த்த பிறகு, முகத்தில் அணிந்து, இரண்டு உள்ளங்கைகளாலும் வடிகட்டிகளின் வாயை அடைத்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுங்கள். முகமூடி கன்னத்தோடு ஒட்டி உள்வாங்கினால் அது பொருந்துகிறது என்று பொருள். ஓரத்தில் எங்கேனும் காற்று சிலீரென்று நுழைந்தால் வேறொன்றைக் கேளுங்கள். தாடி வைத்திருப்பவருக்கு எந்த முகமூடியும் முழுதாகப் பொருந்தாது. முந்தின நாளே மழித்துவிடுவது உத்தமம். எனக்கு நான்கு நாள் தாடி இருந்தது. வாயு சூழ்ந்தபோது முகமூடிக்குள்ளேயே இருமினேன்.

வடிகட்டியில் எழுத்தும் நிறமும் குறித்திருப்பார்கள். ஐரோப்பிய முறைப்படி ‘ஈ’ (E) எழுத்தும் மஞ்சள் பட்டையும் கந்தக டை ஆக்சைடைத் தடுப்பதற்கானவை. ‘பி’ (B) எழுத்தும் சாம்பல் பட்டையும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வாயுக்களுக்கானவை. இந்த இரண்டும் சேர்ந்த வடிகட்டிதான் ஈஜெனுக்கு ஏற்றது. வாடகை முகமூடிகளில் வடிகட்டி எத்தனை பேரிடம் போய் வந்தது என்பதை யாராலும் சொல்ல முடியாது என்பதால், முடிந்தால் ஊரிலிருந்தே உறை பிரிக்காத புதிய வடிகட்டிகளோடு சொந்த முகமூடியைக் கொண்டுவருவது நல்லது. கொரோனா காலத்தில் நாம் அணிந்த துணி முகக்கவசமும் என்95-உம் தூசியைத்தான் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஈரத்துணி கந்தக டை ஆக்சைடைச் சிறிதளவு கரைத்துக்கொள்ளும் என்பதால் வேறு வழியே இல்லாதபோது கைகொடுக்கலாம்.

இரண்டு வாயுக்களும் மணத்தால் வேறுபடும். தீக்குச்சியை உரசியதும் எழும் நெடி, தீபாவளியன்று தெருவில் நிற்கும் புகையின் நெடி, அது கந்தக டை ஆக்சைடு. அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. அதன் செறிவு கூடும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும் என்பதால், நாற்றம் நின்றுவிட்டது என்று நிம்மதி கொள்ளக் கூடாது. மூன்றாவதான கரியமில வாயுவுக்கு மணமே கிடையாது. அது பள்ளங்களில் தேங்கும். அதை எந்த வடிகட்டியும் தடுப்பதில்லை. ஆகவே முகமூடி இருந்தாலும் குழிவான இடங்களில் உட்கார்ந்து இளைப்பாற வேண்டாம்.

மற்றப் பொருட்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: பிடிப்புள்ள, ஏற்கெனவே பழகிய காலணி, தலையில் கட்டும் டார்ச், மாற்று பேட்டரி, காற்றுத் தடுக்கும் மேலாடை, கையுறை, ஒன்றரை லிட்டர் தண்ணீர், வாழைப்பழமோ கடலைமிட்டாயோ கொஞ்சம். கண்ணில் வைக்கும் லென்ஸை விடுதியிலேயே எடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியோடு வாருங்கள். கண்களை இறுக மூடும் நீச்சல் கண்ணாடி இருந்தால் இன்னும் வசதி. வெள்ளிக் கொலுசும் மோதிரமும் கந்தகக் காற்றில் கறுத்துவிடும். கேமராவைத் தேவையில்லாத நேரத்தில் உறையில் வைத்திருங்கள்.

ஏற்றம்

வாயில் அண்மைக் காலத்தில் அதிகாலை இரண்டு மணிக்குத் திறக்கப்பட்டு வருகிறது; இது மாறக்கூடியது. திறந்ததும் சில நூறு பேர் ஒன்றாகக் கிளம்புவார்கள். அந்தக் கூட்டத்தின் வேகத்தில் இழுபட்டுப் போகாமல், அரை மணி நேரம் பின்தங்கிக் கிளம்பினாலும் குறைவில்லை. பால்டுடிங்கில் உள்ள தேநீர்க்கடைகளில் ஒரு சூடான காப்பி குடித்துவிட்டுக் கிளம்பலாம்; டச்சுக்காரர்கள் காலத்திலிருந்தே இந்த மலைமேட்டில் காப்பித் தோட்டங்கள் உண்டு.

பாதையின் இருபுறமும் மலைச் சவுக்கு மரங்கள். இருட்டில் அவை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் காற்றில் கடலிரைச்சல் போல ஒலிப்பதைக் கேட்கலாம். தொடக்கம் மிதமான ஏற்றம். பிறகு நடுப்பகுதி செங்குத்தாகி, காலடியில் எரிமலை மணலும் சரளையும் உருளும். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு முட்டினால் ஓரமாக நின்று ஆறுங்கள். இரண்டு கிலோமீட்டர் அளவில் டச்சுக்காரர்கள் கட்டிய வட்டமான பழைய கட்டடம் ஒன்று வரும். கந்தகத் தொழிலாளர்கள் சுமையை எடை போடும் இடமாக அது இருந்துவந்தது. அதைத் தாண்டினால் ஏற்றம் தணிந்து, பாதை மலையின் தோளை ஒட்டிப் போகும்; ஏறக்குறைய இந்த இடத்தில்தான் முதல் நெடி மூக்கில் ஏறும். முகமூடியைப் பையிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள்.

வழி நெடுகிலும் “டாக்சி, டாக்சி” என்று குரல் கேட்கும். இரண்டு சக்கரம் வைத்த சிறு தள்ளுவண்டியில் பயணிகளை உட்காரவைத்து, மூன்று பேர் சேர்ந்து இழுத்துப் போகிறார்கள். அவர்களில் பலர் கந்தகம் சுமந்தவர்கள். நடக்க முடிகிறவர்கள் ஏறிப்போவதைப் பற்றி எனக்குக் கூச்சம் உண்டு. ஆனால் முழங்கால் தகராறு செய்தால் தயங்காமல் கூப்பிடுங்கள். விலையைப் போகவர என்று கேட்டு முன்பே பேசிவிட வேண்டும்.

விளிம்பில் எடுக்க வேண்டிய முடிவு

விளிம்பை அடைந்ததும் இரண்டு வழிகள். ஒன்று, மேலேயே இருந்து விடியலில் ஏரியைப் பார்ப்பது. மற்றொன்று, வாய்க்குள் இறங்கி நீல நெருப்பைப் பார்ப்பது. பூமிக்குள்ளிருந்து 600 டிகிரி வரை சூடான கந்தக வாயு வெடிப்புகள் வழியே வெளிவந்து காற்றைத் தொட்டதும் பற்றிக்கொள்கிறது. அதுவே நீலமாக எரிகிறது. எரிமலைக் குழம்பு நீலமாக ஓடுகிறது என்று விளம்பரங்களில் எழுதுவது தவறு. வாயுவில் ஒரு பகுதி குளிர்ந்து திரவக் கந்தகமாகி, எரிந்தபடியே சரிவில் வழிவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இருட்டில் மட்டுமே அது கண்ணுக்குத் தெரியும்.

இங்கே கணக்குப் போடுங்கள். இரண்டு மணிக்குக் கிளம்பியவர் விளிம்புக்கு வர மூன்றே முக்கால் ஆகும். உள்ளே இறங்க முப்பது, நாற்பது நிமிடம். ஜாவாவின் கிழக்குக் கோடி என்பதால் நாலரை மணியிலிருந்தே வானம் வெளுக்கத் தொடங்கும். ஐந்தேகாலை ஒட்டிச் சூரியன் எழும். ஆக, நெருப்பின் முன் உங்களுக்குக் கிடைப்பது கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்துக்காக மூச்சிரைக்க ஓடி ஏறி, இளைப்பாறாமல் பாறைச் சரிவில் இறங்குவதைவிட, முதல் முறை வருபவர் மேலேயே நிற்பதுதான் சிறந்தது என்பேன். விளிம்பில் ‘உள்ளே இறங்கக் கூடாது’ என்ற அறிவிப்புப் பலகையும் இருக்கிறது. அதைக் கடந்து வழிகாட்டிகள் ஆட்களை இறக்குவது வழக்கமாகிவிட்டது. வழக்கம் என்பதற்காக ஆபத்து குறைந்துவிடவில்லை.

மேலே நிற்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும். விளிம்பு உதிரும் மண்ணாலானது. பல இடங்களில் வேலி கிடையாது. 2024 ஏப்ரலில் படம் எடுத்துக்கொள்ள நின்ற சீனப் பயணி ஒருவர் அங்கிருந்து தவறி விழுந்து இறந்தார். படம் எடுக்க வேண்டுமானால் முதலில் நின்று, பிறகு கேமராவைப் பாருங்கள். கேமராவைப் பார்த்தபடியே ஓர் அடிகூடப் பின்னால் வைக்காதீர்கள்.

அப்படியும் இறங்குவதானால்

அன்றைய நாளில் இறங்க அனுமதி இருக்கிறது, காற்று வாயுவை உங்கள் பாதைக்கு எதிர்ப்புறம் தள்ளுகிறது, உடன்வரும் வழிகாட்டிக்கு அந்த மலை பழக்கம் என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டும் இறங்குங்கள். பாதை என்று சொல்லப்படுவது பெரும் பாறைகளை அடுக்கியது போன்ற படிக்கட்டு. சில படிகள் முழங்கால் உயரம் இருக்கும். ஒரு காலை நன்றாக ஊன்றிய பிறகே மறு காலை எடுங்கள்.

எதிரே தொழிலாளர்கள் ஏறி வருவார்கள். இரண்டு மூங்கில் கூடைகளைக் காவுதடியில் கோத்து, எழுபது முதல் தொண்ணூறு கிலோ வரை கந்தகப் பாளங்களைத் தோளில் சுமந்து ஏறுகிறவர்கள் அவர்கள். ஆளைப் பார்க்கும் முன்னே அந்த மூங்கில் கிறீச்சிடும் ஓசை இருட்டில் கேட்கும். கேட்டவுடன் பாறையின் சுவர்ப்பக்கமோ அகலமான இடத்திலோ ஒதுங்கி நின்று, டார்ச்சைத் தரையை நோக்கித் தாழ்த்துங்கள். உங்கள் விளக்கு அவர் கண்ணில் பட்டால் அடுத்த படி அவருக்குத் தெரியாது. என்னைக் கடந்து போன ஒருவரின் தோளில், காவுதடி பதியும் இடத்தில், காய்த்துப்போன சதை எலுமிச்சைப்பழம் அளவுக்குத் திரண்டிருந்தது. எடைக்கு ஏற்பத்தான் அவர்களுக்குக் கூலி. அவரை நிறுத்திப் படம் எடுப்பது அவருடைய நேரத்தை எடுப்பதாகும். கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்தால் ஏதேனும் கொடுங்கள்.

அடியில், வாயு வரும் வெடிப்புகளின் மேல் நீண்ட குழாய்களைப் பொருத்தியிருக்கிறார்கள். குழாய்க்குள் குளிரும் கந்தகம் முனையில் செந்நிறத் திரவமாகச் சொட்டி, ஆறியதும் மஞ்சளாக இறுகுகிறது. அதைத்தான் கடப்பாரையால் பெயர்த்தெடுக்கிறார்கள். அந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வழிகாட்டி நிறுத்துகிற இடத்திலேயே நில்லுங்கள். ஏரியின் கரைக்குப் போக வேண்டாம்.

காற்று திசை மாறிப் புகை உங்களைச் சூழ்ந்தால், அடுத்த நிமிடம் எதிரே நிற்பவர் தெரியமாட்டார். அப்போது ஓடக் கூடாது. பாறைகளுக்கு இடையில் ஓடுகிறவர் விழுவார், விழுந்தவர் முகமூடியை இழப்பார். புகைக்கு முதுகைக் காட்டி நின்று, கண்களை மூடி, முகமூடிக்குள் மெதுவாக மூச்சு விடுங்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் புகை விலகும். விலகியதும் யோசிக்காமல் மேலே ஏறத் தொடங்குங்கள். நெருப்பை மறுபடி பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். நெஞ்சு இறுகுவது, தலை சுற்றுவது, கண் திறக்க முடியாத எரிச்சல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் வழிகாட்டியிடம் உடனே சொல்லிவிட வேண்டும்.

திரும்பும் வழி

வெளிச்சம் வந்தபின் ஏரியின் முழு நிறமும் தெரியும். அதற்குப் பின்னால் அரித்து வரிவரியான சாம்பல் சுவர்கள் நிற்பதையும், வாயு பட்டுக் காய்ந்துபோன மரங்களின் எலும்புக்கூடுகளையும் அப்போதுதான் காண்பீர்கள். ஏழு மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது. ஏறும்போது தொல்லை தராத சரளை, இறங்கும்போது காலை வாரிவிடும். கால்விரல் நகங்களை முந்தின நாளே வெட்டியிருக்க வேண்டும். காலணிக் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, சிறு சிறு அடிகளாக வாருங்கள். ஒன்றேகால் மணி நேரத்தில் பால்டுடிங் வந்துவிடும்.

வழியில் கந்தகத்தை அச்சில் வார்த்த ஆமை, பூ போன்ற சிறு பொம்மைகளை விற்பார்கள். உதவ நினைத்தால் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொம்மையை அவரிடமே விட்டுவிடுங்கள். கந்தகம் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது.

விடுதிக்குப் போனதும் முதலில் முகத்தையும் கண்களையும் நல்ல தண்ணீரில் கழுவி, கேமராவையும் மூக்குக்கண்ணாடியையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அன்று அணிந்த உடைகளை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகப் பையில் கட்டிவையுங்கள். என் மேலாடையை ஊருக்கு வந்து இரண்டு முறை துவைத்த பிறகும், மழைநாளில் மாட்டியபோது தீக்குச்சி நெடி எழுந்தது.